பழைய ஃப்ரிட்ஜுக்குள் மண்புழு: கேத்திப் பக்கத்துப் பனியைத் தாண்டிய தொட்டி

இந்த ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்த காலைகளில் எங்கள் தோட்டத்தில் வெப்பமானி 2 டிகிரி காட்டியது. அதே நேரத்தில், சுவரோரமாக மல்லாத்திப் போட்டிருக்கும் பழைய ஃப்ரிட்ஜுக்குள் 15 டிகிரி. கதவைத் திறந்து சாக்கை விலக்கினால் புழுக்கள் மேலாகவே மேய்ந்துகொண்டிருந்தன. நீலகிரிக் குளிரில் வருஷம் முழுக்க மண்புழு உரம் எடுக்க முடியுமா என்று கேட்டால், இனி முடியும் என்றே சொல்வேன். என்ன செய்தோம், எது நின்றது, எது நிற்கவில்லை, எவ்வளவு செலவு என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். மேட்டுப் பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

எங்கள் இடம் கேத்தி பாலாடா பக்கம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; நாங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறோம். ஆனால் பள்ளத்தாக்கு என்பதால் ராத்திரிக் குளிர்காற்று சரிவில் இறங்கி வந்து இங்கேயே தங்கிவிடும். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி. முப்பது சென்ட்டில் கேரட், பீட்ரூட், பூண்டு, கொஞ்சம் முட்டைக்கோஸ். கேரட் தழைக்கும் கழிவுக் கேரட்டுக்கும் இங்கே பஞ்சமே கிடையாது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏறிய பிறகு, கழுவும் மெஷின் பக்கத்தில் உடைந்ததும் பிளந்ததும் குவியலாகக் கிடக்கும்.

முதலில் செய்த தொட்டி

சமவெளியில் எல்லோரும் வாங்கும் சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாய்) தொட்டியில்தான் தொடங்கினோம். 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம், விலை 1,800 ரூபாய். மேலே தகரக் கூரை போட்டோம். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து கிலோ 400 ரூபாய் வீதம் மூன்று கிலோ புழு வந்தது. நீளமான, தடித்த புழு. கருஞ்சிவப்பு உடம்பு, வெளிச்சத்தில் பிடித்தால் ஊதாவாக மின்னும். ஏப்ரல், மே மாதங்களில் அது சாணியைத் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னொரு தொட்டி வாங்கலாம் என்றுகூடப் பேசினோம்.

ஜூனில் தென்மேற்கு மழை பிடித்ததும் வேகம் குறைந்தது. வடகிழக்கு மழை முடியும்போது போட்ட சாணி போட்டபடியே இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அடிவரை கிளறிப் பார்த்தால் ஒரு கைப்பிடி புழுகூடத் தேறவில்லை.

அந்தப் புழுவின் பெயர் யூட்ரிலஸ் யூஜினியே. ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த இனம். 25 டிகிரியை ஒட்டிய சூட்டில் மளமளவென்று தின்று பெருகும். சமவெளியில் அதை விரும்பி வளர்ப்பதற்குக் காரணம் அதுதான். குளிர் அதற்கு ஆகாது. 15 டிகிரிக்குக் கீழே போகப்போகச் சோர்ந்து, குளிர் நீண்டால் செத்துவிடும். வாங்கியது நல்ல புழுதான், ஊர்தான் அதற்கு ஒத்துவரவில்லை. மலையில் இருப்பவர்கள் புழு வாங்கும்போது எடையையும் விலையையும் கேட்பதற்கு முன்னால் இனத்தைக் கேளுங்கள்.

மலைக்கு ஏற்றது ஐசீனியா ஃபெட்டிடா. அடையாளம் எளிது: உடம்பில் சிவப்புக்கும் வெளிர் மஞ்சளுக்கும் இடையே மாறி மாறி வளையக் கோடுகள் இருக்கும், வால் நுனி மஞ்சளாக இருக்கும், கையில் அழுத்தினால் ஒரு மாதிரி வாடையுள்ள மஞ்சள் நீர் கசியும். யூட்ரிலஸை விடச் சிறியது, அதைவிட மெதுவாகத்தான் தின்னும். ஆனால் உறைநிலைக்கு அருகில்கூட உயிரோடு இருக்கும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்கு நல்ல சூடு. 35-ஐத் தாண்டினால்தான் சாவு.

கோத்தகிரிப் பக்கம் ஒருவர் இதைப் பல வருஷமாக வைத்திருந்தார். கிலோ 600 ரூபாய்க்கு இரண்டு கிலோ கொடுத்தார். கொடுக்கும்போதே அவர் சொன்ன ஒன்றுதான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது: "பனிக்கு இது சாகாதுங்க தம்பி. ஆனா திங்காது. மூணு மாசம் சும்மா இருக்கும், நீங்களும் சும்மா இருக்கணும்."

அப்படியேதான் நடந்தது. அதே சில்பாலின் தொட்டியில் இரண்டாவது குளிர்காலத்தில் புழு பிழைத்தது. காலையில் படுக்கைக்குள் வெப்பமானியைக் குத்தினால் 8, 9 டிகிரி. புழுக்கள் நடுவில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தன. சாணி அசையவில்லை. 48 சதுர அடி மேற்பரப்பு வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தால் இரவெல்லாம் சூடு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். சாக்கு போட்டோம், வைக்கோல் போட்டோம், நிழல்வலையை இரண்டாக மடித்துப் போட்டோம். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

அந்த வருஷம் காட்டுப்பன்றியும் வந்தது. ராத்திரி தொட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, மூக்கால் உழுது, கிடைத்த புழுவையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. மண்புழு பன்றிக்குப் பிடித்த தீனி. மலையில் தரைமட்டத்தில் மெல்லிய சுவரில் புழு வைத்தால் இது நடக்கும்.

ஆக, எனக்கு வேண்டியது மூன்று: சூடு தாங்கும் சுவர், இறுக்கிப் பூட்டும் மூடி, தரையிலிருந்து உயரம். ஹாலோ பிளாக்கில் கட்டி உள்ளே தெர்மாகோல் வைக்கலாம் என்று கணக்குப் போட்டால் ஏழாயிரம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் குன்னூரில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் நாலைந்து ஃப்ரிட்ஜ் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். குளிரை உள்ளேயே பிடித்து வைக்கச் செய்த பெட்டி சூட்டையும் உள்ளேயே பிடித்து வைக்கும். சுவர் முழுக்க ஒன்றரை அங்குலத்துக்கு பாலியூரித்தேன் நுரை. மூடி ஏற்கெனவே இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் வாங்கியதும் வெட்டியதும்

ஒற்றைக் கதவு, 165 லிட்டர். கடைக்காரர் "கம்ப்ரஸர் எங்களுக்கு, கூடு உங்களுக்கு" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வாயுவையும் கம்ப்ரஸரையும் எடுத்த கூடாகத்தான் வாங்க வேண்டும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டையில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் உள்ளே இருந்தது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. வாயு இருக்கும்போது செப்புக் குழாயை வெட்டவோ சுவரில் துளை போடவோ கூடாது. தெரிந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை வைத்து வாயுவை எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கூட்டைக் கொண்டுவந்து குழாய் நுனி கீழே பார்க்கும்படி சில நாள் சாய்த்து வைத்தேன். மிச்சமிருந்த கம்ப்ரஸர் எண்ணெய் நாலைந்து சொட்டு வடிந்தது. அது புழுப்படுக்கையில் இறங்கிவிடக் கூடாது.

இன்னொன்று. காலி ஃப்ரிட்ஜ் வீட்டில் கிடக்கும் வரை கதவைக் கழற்றித் தனியாக வைத்திருங்கள். விளையாட்டாகக் குழந்தை உள்ளே ஏறிக் கதவு மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாமல் போகும். நான் வேலை முடியும் நாளில்தான் கதவை மாட்டினேன்.

உள்ளே இருந்த ஃப்ரீசர் பெட்டி, காய்கறி டப்பா, கதவுத் தட்டுகள் எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பித் தட்டுகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன், பிறகு வேலைக்கு வந்தன. மல்லாத்திப் போட்ட பிறகு உள்ளளவு: நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆழம் பதினாறு அங்குலம். கால் பக்கத்தில் கம்ப்ரஸருக்காக உள்ளே புடைத்திருந்த இடம் இப்போது ஒரு படியாக நிற்கும். முதலில் இடத்தை அடைக்கிறதே என்று நினைத்தேன். குளிர்காலத்தில் அதுவே பெரிய உதவியாகிவிட்டது. பிறகு சொல்கிறேன்.

வடிகாலில்தான் கவனம் வேண்டும். முதலில் அடியில், அதாவது ஃப்ரிட்ஜின் முதுகில், 12 மில்லிமீட்டர் பிட்டால் எட்டுத் துளை போட்டேன். இரண்டே வாரத்தில் துளை ஓரத்தில் நுரை தண்ணீரைக் குடித்து ஊறியது, குட்டிப் புழுக்கள் உள் பிளாஸ்டிக்குக்கும் நுரைக்கும் நடுவில் நுழைந்தன. நுரை நனைந்தால் சூடு தாங்காது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஏழு துளையை எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். தலைப்பக்கம் இருந்த ஒரு துளையை மட்டும் பெரிதாக்கி, முக்கால் அங்குல பிவிசி குழாயை மூன்று அங்குல நீளத்துக்கு வெட்டிச் செருகி, உள்ளேயும் வெளியேயும் சுற்றி எம்-சீல் பூசினேன். நுரை எங்கேயும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். பெட்டியை நாலு ஹாலோ பிளாக் மேல் ஏற்றி, கால் பக்கம் ஓட்டுத்துண்டு வைத்து இரண்டு அங்குலம் தூக்கினேன். தண்ணீர் தானாகக் குழாய்க்கு வந்து வாளியில் விழுகிறது.

அடியில் ஜல்லியும் மணலும் போடச் சொல்வார்கள். இந்தப் பெட்டியில் அது வேண்டாம். எடை கூடும், உரம் அள்ளும்போது கல் கலந்து வரும். ஓட்டுத்துண்டுகளைப் பரப்பி, அவற்றின் மேல் ஃப்ரிட்ஜின் சொந்தக் கம்பித் தட்டுகளை வைத்து, அதன் மேல் நிழல்வலையை இரண்டாக மடித்து விரித்தேன். அடியில் ஒன்றரை அங்குல வெற்றிடம் கிடைத்தது. தண்ணீரும் வடிகிறது, காற்றுக்கும் இடம் இருக்கிறது.

காற்றோட்டத்துக்கு இரண்டு நீளப் பக்கங்களிலும் மேல் விளிம்புக்குக் கீழே ஒவ்வொரு துளை, ஒரு அங்குலம். அதே மாதிரி பிவிசி செருகி, வெளியே பெண்ட் மாட்டிக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன். மழை உள்ளே வராது. வாயில் கொசுவலை கட்டினேன். கதவு ரப்பரில் காந்தம் இருப்பதால் மூடினால் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் எதிரெதிராக இரண்டு இடத்தில் நாலு அங்குலத்துக்கு ரப்பரை வெட்டி எடுத்தேன். அந்த இடைவெளியில் எலி வாய் வைத்துவிட்டது. இப்போது அங்கே கம்பிவலைத் துண்டு மடித்துச் செருகியிருக்கிறது. கதவுக்கு வெளியே இரும்புக் கொண்டி, அதில் ஒரு ஆணி. பன்றி மறுபடி வந்து பிளாக்கை முட்டியிருக்கிறது, தடம் இருந்தது. மூடியை அதனால் எதுவும் செய்ய முடியவில்லை.

கரடிக்குத் தனிப் பாடம் வேண்டும். எங்கள் பக்கம் கரடி எண்ணெய்க்கும் பழத்துக்கும் வீட்டுக் கதவையே உடைக்கும். கொண்டி எல்லாம் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே பழுத்த பேரிக்காய், பிளம்ஸ், கொய்யா, எண்ணெய் பட்ட சமையல் மிச்சம் எதுவும் இந்தப் பெட்டிக்குள் போகாது. இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் விலக்கு இல்லை.

படுக்கையும் தீனியும்

பக்கத்துத் தோட்டத்து அக்கா மூன்று மாடு வைத்திருக்கிறார். அவரிடம் மூன்று வாரம் ஆறிய சாணி முப்பது கிலோ வாங்கினேன். கூடவே நனைத்துக் கிழித்த அட்டைப்பெட்டி, கையால் நொறுக்கிய சில்வர் ஓக் சருகு. சில்வர் ஓக் இலை மக்க நாளாகும், ஆனால் படுக்கை அமுங்கிப் போகாமல் காற்றுக்கு இடம் வைக்கும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கிறது. மாட்டுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் சாணி எடுக்க வேண்டும். சில மருந்துகள் சாணியோடு வெளியே வந்து கொஞ்ச நாள் வீரியத்தோடு இருக்கும்.

அக்காவின் சாணிக் குவியலின் அடியிலேயே ஒரு வகைப் புழு இருந்தது. மெலிந்து, ஊதா மின்னலோடு, தொட்டால் துள்ளும். பெரியோனிக்ஸ் வகை என்றே நினைக்கிறேன். நம் மண்ணின் புழுக்களையே உரத்துக்குப் பயன்படுத்துங்கள் என்று சென்னையில் நெடுங்காலம் மண்புழு ஆய்வு செய்த சுல்தான் அகமது இஸ்மாயில் வலியுறுத்தி வந்தார். அவர் அதிகம் பயன்படுத்தியது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் லாம்பிட்டோ மௌரிட்டியும். அதனால் இரண்டு கை அள்ளி இதையும் விட்டேன். பெரியோனிக்ஸுக்கு ஒரு பழக்கம்: மழை ராத்திரியில் கூட்டமாக வெளியே கிளம்பிவிடும். கொசுவலை இல்லாத தொட்டியில் அதை நம்பி விட முடியாது.

தீனி விஷயத்தில் கேரட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழுக் கேரட்டை உள்ளே போட்டால் அது மக்காது, துளிர்க்கும். இருட்டில், ஈரத்தில், அதற்கு வேண்டிய எல்லாம் கிடைக்கிறது; வெளுத்த தழை விட்டு வேரும் பிடித்துவிடும். அரிவாளால் கொத்தி, தலைப்பகுதியைத் தனியே நசுக்கிவிட்டுத்தான் போட வேண்டும். தழையை அப்படியே பச்சையாகப் போட்டால் சூடேறி, குழைந்து, புளித்த நாற்றம் எடுக்கும். முட்டைக்கோஸ் மேலிலை இன்னும் மோசம். இப்போது எல்லாத் தழையையும் சாணியோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து நிழலில் குவித்து, நடுவில் இரண்டு முறை புரட்டி, மூன்று வாரம் போல ஆறவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். குவியல் நடுவில் கை வைக்க முடியாத சூடு வந்து, பிறகு தணியும். தணிந்ததுதான் புழுவுக்குத் தீனி.

மருந்துதான் பெரிய கவலை. எங்கள் பள்ளத்தாக்கில் மருந்தடிக்காத காய்கறி குறைவு. கார்பன்டாசிம் என்ற பூஞ்சாண மருந்து மண்புழுவுக்குக் கொடிய நஞ்சு. கார்போஃபியூரான் குருணையும் அப்படியே. தாமிரம் கலந்த மருந்துகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கொல்லும். கார்பன்டாசிம் செடிக்குள் ஊடுருவுவதால் கழுவினாலும் போகாது. அதனால் யார் தோட்டத்துத் தழை, கடைசியாக எப்போது என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. கேட்ட பிறகும் ஒரு சோதனை: ஐஸ்கிரீம் டப்பாவில் புதுத் தீனி போட்டுப் பத்துப் புழு விட்டு இரண்டு நாள் வைப்பேன். தீனிக்குள் இறங்கித் தங்கினால் சரி. சுவரேறி ஓடினாலோ, துவண்டு கிடந்தாலோ அந்தத் தழை வேண்டாம்.

உருளைக்கிழங்குத் தோலும், கிழங்கோடு ஒட்டி வரும் மண்ணும், பிடுங்கிய உருளைச் செடியின் வேரும் இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-ல் இந்த நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். புழுத்தொட்டியில் அதைக் கொல்லும் சூடு வராது. முட்டைக்கோஸில் வேர் உருண்டு தடித்துப் போகும் கிளப் ரூட் நோய்க்கும் இதே விதி: தழை சரி, வேர் கூடாது. நம் கையாலேயே நோயை உரமாக்கி வயல் முழுக்கத் தூவிவிடக் கூடாது.

டீக்கடைச் சக்கை நல்ல தீனி. பால், சர்க்கரை போக ஒருமுறை அலசிவிட்டால் எறும்பு வராது. பிளாக் ஒவ்வொன்றின் கீழும் தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன், அதனாலும் எறும்புத் தொல்லை இல்லை.

புளிப்பு ஏறினால் படுக்கையில் நூல் போன்ற வெள்ளைக் குட்டிப்புழுக்கள் கூட்டமாகத் தெரியும். அவை கெடுதல் செய்யாது, ஆனால் அமிலம் கூடிவிட்டது என்று சொல்லிவிடும். எங்கள் பக்கத்து மண்ணே புளிப்பு மண் என்பதால் தோட்டத்துக்குப் போடும் டோலமைட் எப்போதும் வீட்டில் இருக்கும். அதில் ஒரு கைப்பிடி தூவிக் கிளறினால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். சுண்ணாம்பு மட்டும் போடாதீர்கள், புழுவைச் சுட்டுவிடும்.

சூடு

மார்ச் மாதம் தொட்டியிலிருந்த ஐசீனியாவை இங்கே மாற்றினேன். முதல் சில ராத்திரி கதவைக் கொஞ்சம் திறந்து மேலே ஒரு பல்பு எரியவிட்டேன். வெளிச்சம் இருந்தால் புழு மேலேறி ஓடாது, படுக்கைக்குப் பழகிக்கொள்ளும்.

ஏப்ரலில் ஒரு நாள் கதவைத் திறந்தால் புழு எல்லாம் மூடியின் உள்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே 36 டிகிரி. வெளியூர் போகிறோம் என்று ஒரே தடவையில் பன்னிரண்டு கிலோ, சரியாக ஆறாத தழையைப் போட்டிருந்தேன். திறந்த தொட்டியாக இருந்தால் அந்தச் சூடு போய்விட்டிருக்கும். சூடு வெளியேறாத பெட்டியில் அதே நல்ல குணம்தான் கொல்லவும் செய்யும். தீனியை வாரி வெளியே எடுத்து, கதவைப் பகல் முழுக்கத் திறந்து வைத்து, ஈரச்சாக்கு போட்டதில் பெரும்பாலானவை தப்பின. அதன் பிறகு ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கிடையாது, அதுவும் ஒரு ஓரத்தில் மட்டும். மறு ஓரம் எப்போதும் குளிர்ந்த, பழைய படுக்கையாக இருக்கும். புழுவுக்கு ஒதுங்க இடம் வேண்டும்.

இந்த ஒரு குணத்தைத்தான் குளிர்காலத்தில் திருப்பிப் பயன்படுத்தினேன். அந்தக் கம்ப்ரஸர் படி நினைவிருக்கும். நவம்பர் கடைசியில் பச்சைத் தழையும் புதுச் சாணியும் கலந்து ஐந்து கிலோ பிடிக்கும் சின்னச் சாக்கில் கட்டி, அந்தப் படியின் மேல் வைத்தேன். படுக்கையோடு கலக்காமல், பெட்டிக்குள்ளேயே அது மெதுவாக மக்கிச் சூடு விடுகிறது. சாக்கு இல்லாமல் காலையில் 10, 11 டிகிரி இருந்த பெட்டி, சாக்கு வைத்த பிறகு 14, 15-க்கு வந்தது. வாரம் பத்து நாளில் சாக்கின் சூடு தணிந்ததும் அதை அவிழ்த்துத் தீனியாகப் போட்டுவிட்டுப் புதுச் சாக்கு வைப்பேன். சூடும் கிடைத்தது, தீனியும் தயாராகிவிடுகிறது. படுக்கையில் மீன்தொட்டிக்கு விற்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் வெப்பமானியைப் புதைத்து, திரையை வெளியே ஒட்டியிருக்கிறேன். 220 ரூபாய். இந்த முழு வேலையிலும் அதைவிடப் பயன்பட்ட செலவு வேறு இல்லை.

இடமும் முக்கியம். முதலில் வீட்டுக்கு வடக்கே வைத்திருந்தேன், பகலில் வெயிலே படவில்லை. டிசம்பரில் கிழக்குச் சுவரோரம் மாற்றியதும் பகல் சூடு இரண்டு டிகிரி கூடியது. ஏப்ரல், மே மாதங்களுக்கு மேலே நிழல்வலை கட்டிக்கொள்ளலாம்.

ஈரம் பற்றி: மூடிய பெட்டி என்பதால் தண்ணீர் தெளிக்கும் வேலை அநேகமாக இல்லை. கதவின் உள்ளே ஆவி படிந்து திரும்பச் சொட்டும். ஜூலையில் படுக்கை சொதசொதவென்று ஆனபோது உலர்ந்த அட்டைக்கிழிசல் கலந்து சரிசெய்தேன். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஓடக் கூடாது. வாளியில் வடிவது வெர்மிவாஷ் அல்ல. வெர்மிவாஷ் என்பது புழுவும் மக்கிய உரமும் நிறைந்த அடுக்கின் வழியாகச் சுத்தமான நீரை மெல்ல இறக்கி எடுப்பது. இது மக்காத தீனியின் சாறும் கலந்த கழிவுநீர். நான் அதைப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துப் புல்லுக்கும் பேரி மரத்துக்கும் ஊற்றுகிறேன். பச்சையாகத் தின்னும் காய்க்கு ஊற்றுவதில்லை.

அறுவடை

தீனியை ஒரு ஓரத்தில் மட்டும் போட்டுவந்தால் புழு அந்தப் பக்கம் நகரும், மறுபக்கத்து உரத்தை அள்ளலாம். ஜூன் வரை இது நன்றாக நடந்தது. குளிரில் புழு நகர்வது மெதுவாகிவிடுகிறது, அதற்காகக் காத்திருந்தால் மாதம் போய்விடும். அப்போது வேறு வழி: பதினொரு மணி வெயிலில் தார்ப்பாய் விரித்து உரத்தைச் சின்னச் சின்னக் கூம்பாகக் குவிக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் புழு அடிக்கு இறங்கும். மேலே வழித்து எடுத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி வழித்தால் கடைசியில் அடியில் புழு மட்டும் குவியலாக மிஞ்சும். பிறகு 4 மில்லிமீட்டர் சல்லடை. சலிக்கும்போது எலுமிச்சை வடிவத்தில், கடுகை விடச் சற்றுப் பெரிய பொன்னிற முட்டைக்கூடுகள் தெரியும். அவற்றைக் கட்டாயம் பெட்டிக்கே திருப்பிப் போடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு மூன்று குட்டி வரும்.

மார்ச்சிலிருந்து ஜனவரி கடைசி வரை உள்ளே போனது ஏறக்குறைய 210 கிலோ பாதி மக்கிய தீனி. சலித்த உரம் 75 கிலோ வந்தது. அதில் டிசம்பர், ஜனவரிப் பங்கு 12 கிலோதான். ஆனால் முன்பு அந்த மாதங்களில் எதுவுமே கிடைத்ததில்லை. புழு இப்போது மூன்று கிலோவுக்குக் குறையாமல் இருக்கும்.

செலவு: கூடு 500, ஆட்டோ 300, பிவிசி குழாய், பெண்ட், வலை எல்லாம் சேர்த்து 260, எம்-சீல் 60, வெப்பமானி 220, கொண்டி 90, ஹாலோ பிளாக் 160. ஆக 1,590 ரூபாய். புழு 1,200. மொத்தம் 2,790. இங்கே கீழிருந்து வரும் மண்புழு உரம் வண்டி வாடகையோடு கிலோ 14 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 75 கிலோவுக்கு 1,050 ரூபாய் கணக்கு. முதல் வருஷம் பணம் திரும்பவில்லை. மூன்றாவது வருஷத்தில் திரும்பும். முப்பது சென்ட்டுக்கும் இது போதாது. எங்களுக்கு இது நாற்றுக்கும் பூண்டுச் சாலுக்கும் மட்டும் போகிறது. நாற்றுத் தட்டில் மூன்று பங்கு தென்னைநார்க் கழிவுக்கு ஒரு பங்கு இந்த உரம். கேரட்டுக்கு நன்கு சலித்ததை மட்டும் விதைப்புக்கு முன் மண்ணோடு கலக்கிறேன். பாதி மக்கியதைக் கேரட் பாத்தியில் போட்டால் வேர் கவைத்துப் போகும், கழுவும் மெஷினிலேயே கழித்துவிடுவார்கள்.

அடுத்த ஃப்ரிட்ஜுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை 190 லிட்டர். அதில் மாற்றப்போவது: வடிகால் குழாய் ஒரு அங்குலம், வாளிக்குப் பதில் திருகுக் குழாய், படுக்கையின் இரண்டு ஓரத்துக்கும் தனித்தனி வெப்பமானி, கதவு ரப்பரை வெட்டாமல், கதவின் நடுவிலேயே வலை வைத்த காற்றுக்குழாய். படி இல்லாத பெட்டி கிடைத்தால் சாக்கு வைக்க உள்ளே ஒரு கம்பித்தட்டைத் தொங்கவிட வேண்டும். கோத்தகிரிக்காரர் போன வாரம் வந்து பார்த்துவிட்டு, சாக்கைத் தூக்கி எடை பார்த்தார். "இதுல சாணிக்குப் பதிலா ஆட்டுப் புழுக்கை கலந்து வைங்க தம்பி, இன்னும் ரெண்டு நாள் சூடு நிக்கும்" என்றார். அடுத்த சாக்கை அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.